மூன்று கறுப்பு கிளாஸ்

முதல் கிளாஸை அப்பா மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அப்பா வேலை பார்ப்பது ஒரு விஸ்கி கம்பெனியில். பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும் போர்பன் விஸ்கியில் எது எதோடு சேரும், எது உருப்படாது என்று மூக்கையும் நாக்கையும் வைத்துச் சொல்கிற ஆள். “உங்க அப்பாவுக்குக் குடிக்கிறதுக்கே சம்பளம்” என்று சித்தப்பா வருகிறபோதெல்லாம் சொல்லுவார். பத்தொன்பது வருஷத்தில் அப்பா ஒரு வாய் விழுங்கியதில்லை. துப்புவதற்குத்தான் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காபியோ காரமோ நாக்கில் படுவதற்கு முன்னால், வீட்டிலும் ஒரு பயிற்சி உண்டு. நிறம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கறுப்பு கிளாஸ். ருசி பார்க்கிறவருக்கு எதில் எது என்று தெரியக் கூடாது என்பதால், ஊற்றுவது வாலு. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள். அப்பா சொல்லி முடித்ததும், “கொண்டா பாட்டிலை” என்பார். அந்தந்த கிளாஸுக்குப் பின்னால் அதனதன் பாட்டிலைக் கொண்டுவந்து நிறுத்துவாள். சரியா தப்பா என்று அப்போதுதான் தெரியும்.

பதினொரு வயதிலிருந்து செய்கிறாள். ஒரு தடவைகூடச் சொட்டு சிந்தியதில்லை. இன்றைக்குத் தட்டில் சிந்திவிட்டது.

நாளைக்குக் கம்பெனியில் இதே சோதனை. காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்தவரை, மூக்கு தேறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய நாற்காலியில் உட்கார வைப்பார்களாம். இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு ஆள் தயாராக இருக்கிறது.

தேறிவிட்டது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை அடுப்பில் பால் தீய்ந்து, புகை கூடம் வரை வந்துவிட்டது. குளியலறையிலிருந்து அம்மா தலையில் துண்டோடு ஓடிவந்தாள். அடுப்புக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“கவனிக்கல” என்றார்.

அன்றிலிருந்து வாலுவுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

அப்பா கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். பிறகு தன் சட்டைக் கையை ஒரு தரம் முகர்ந்தார். மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி, அது அவர் பழக்கம். ஒரு சொட்டை நாக்கில் விட்டு, கண்ணை மூடி, பிளாஸ்டிக் மக்கில் துப்பினார்.

தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே இறக்கியது. நூற்றுக்கு அறுபத்து மூன்று பங்கு ஆல்கஹால். எரிச்சல் எந்தப் பீப்பாய்க்கும் ஒன்றுதான், அது யாருக்கும் தெரியும். எரிச்சலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் மூக்கு கண்டுபிடிக்க வேண்டும்.

சொட்டு மருந்துக் குழாயால் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் பட்டால் நெருப்பு அடங்கி, வாசனை எழுந்து வரும்.

காத்திருந்தார்.

இரண்டாவது கிளாஸ். சட்டைக் கை. மூன்றாவது. மறுபடி முதலாவது. மறுபடி சட்டைக் கை. வழக்கமாகப் பத்து நிமிஷ வேலை. சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் தாண்டிவிட்டது. அப்பாவின் கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது. மோவாயில் ஒரு பக்கம் சவரம் சரியாகப் படவில்லை.

“முடியலன்னா விட்டுடுங்கப்பா, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்றாள்.

அப்பா மூன்று கிளாஸையும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நெருக்கி வைத்தார். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“அடி வாலு. மூணுலயும் ஒரே பாட்டிலைத்தானே ஊத்தின?”

அது அவர்கள் கம்பெனியில் பழைய குறும்பு. ருசி பார்க்கிறவன் இல்லாத வித்தியாசத்தைக் கற்பனை பண்ணுகிறானா என்று பார்க்க, மூன்றிலும் ஒன்றையே ஊற்றி வைப்பார்கள். புதிதாக வந்தவர்கள் மூன்றுக்கும் மூன்று கதை அளந்து மாட்டிக்கொள்வார்கள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வாலு அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அப்பா சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களே” என்றாள். “உங்களை ஏமாத்த முடியுமா?”

“எங்கிட்டயேவா.”

அவர் தோள் இரண்டும் இறங்கின. மேஜையில் கையை ஊன்றி எழுந்தார். படுக்கையறை வரை போனவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

“பாட்டிலை நீயே எடுத்து வெச்சுடும்மா. இங்க கொண்டுவர வேண்டாம்.”

ஐந்து வருஷத்தில் அவர் பாட்டிலைப் பார்க்காமல் எழுந்தது இதுதான் முதல் தடவை.

வாலு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேடையில் மூன்று பாட்டில்கள், மூடி திறந்தபடி, மூன்றிலும் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

ஒவ்வொன்றாக மூடினாள். ஒன்றில் தீய்ந்த சர்க்கரை வாசனை. ஒன்றில் அப்போதுதான் இழைத்த மரம். ஒன்றில் கனிந்து குழைந்த வாழைப்பழம். ஒரு நாளும் ஒரு சொட்டு வாயில் வைத்தவள் இல்லை அவள். கை நீட்டிய தூரத்திலேயே தெரிந்தது.

“என்னடி, சரியாச் சொன்னாரா?” கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டாள்.

வாலு கடைசி மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.