வருஷா வருஷம் பரீட்சை

நவம்பர் கடைசி ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருந்த தேர்வு மையத்தில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குக் கதவைத் திறந்தார்கள்.

தங்கையை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட அண்ணன் சிரித்தான்.

"அஞ்சாவது தடவை. வாட்ச்மேனே உன்ன நலம் விசாரிப்பாரு."

"விசாரிக்கட்டும்."

"உன்கூட எழுதினவங்கெல்லாம் படிச்சு முடிச்சு வேலைக்கே போயாச்சு. நீ மட்டும் இங்கயே நிக்கற."

"இந்தத் தடவை சேர்ந்தே தீருவேன்ணா."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஜனவரியில் முடிவு வந்தது. மறுநாளே பயிற்சி மையத்தின் உரிமையாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"இந்த வருஷமும் முதல் நூறு பேருக்குள்ள வந்துட்டம்மா. போட்டோ எடுத்துடலாம். 'எங்கள் கணக்கு ஆசிரியையே சாதித்தார்'னு போஸ்டர் அடிச்சா, பசங்க வந்து குவிவாங்க."

"இந்தத் தடவை நான் காலேஜ்ல சேரப் போறேன் சார்."

"என்னம்மா இது? நம்ம வாத்தியாருங்க எழுதறது விளம்பரத்துக்குத்தானே. சேர்றதுக்கா எழுதறோம்?"

"சேர்றதுக்குத்தான் சார் பரீட்சை வைக்கறாங்க."

சம்பளத்தை உயர்த்துவதாகச் சொன்னார். அவள் வகுப்பறைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

ஜூன் மாதம் கல்லூரியில் சேர்ந்தாள். அதே வாரம் பயிற்சி மையத்தின் புதிய போஸ்டர் தெருவெங்கும் ஒட்டப்பட்டது. அதில் அவள் படம் இருந்தது. கீழே 'எங்கள் மாணவி' என்று அச்சிட்டிருந்தார்கள்.