ஷாம்பு போட்ட தலை

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் அவள் நுண்ணோக்கியில் கண் பதித்திருக்கிறாள். மனித மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதத்தை, தட்டில் வளரும் செல்களில் உண்டாக்கி வைத்திருக்கிறாள். ரோஜா மணச் சாறு ஒரு சொட்டு விழுந்ததும் செல்கள் பச்சையாக மினுங்குகின்றன. “பிரமாதம்! மூக்கு வேலை செய்யுதே!” என்று துள்ளுகிறான் உடன் வேலை செய்பவன். அவளுக்கோ அதே சொட்டு சாக்கடைச் சேறாய் நாறுகிறது. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு காபி கருகிய மயிராகவும் சோப்பு அழுகிய முட்டையாகவும் நாறுகின்றன. வாயால் மூச்சு விட்டபடியே வெளியே வருகிறாள்.

தாழ்வாரத்தில் கணவனும் ஆறு வயது மகளும் காத்திருக்கிறார்கள். மகள் நீச்சல் வகுப்பு முடிந்து, தலைக்குக் குளித்து, ஈரப் பின்னலோடு நிற்கிறாள். “அம்மா, புது ஷாம்பு! மோந்து பாரேன்!” என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். மூச்சை அடக்கியும் செத்த எலியின் வாடை குப்பென்று ஏறுகிறது. மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கைகழுவும் தொட்டிக்கு ஓடுகிறாள். மஞ்சளாய்ப் பித்தம் கொட்டுகிறது.

“கொழந்தைம்மா அது. கொஞ்சம் மூச்ச அடக்கிக்கக் கூடாதா?” கணவனின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது.

“அடக்கிட்டுத்தாங்க நின்னேன்.”

எச்சில் வழியும் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறாள். சுவரோரம் ஒட்டி நிற்கும் மகள், பின்னல் நுனியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். பிறகு சட்டைக் கையை. பிறகு, உள்ளங்கையை.