லிஃப்டின் மறுமுனை

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்கு, கம்பிக்கயிற்றின் மறுமுனையில் ஓர் இரும்பு எடை துணை. லிஃப்ட் ஏறினால் எடை இறங்கும். லிஃப்ட் இறங்கினால் எடை ஏறும். நடுவழியில் மட்டும் இரண்டும் ஒரு நொடி பார்த்துக்கொள்ளும்.

“நல்லாயிருக்கியா?” என்று எடை கேட்டால், அடுத்த முறை கடக்கும்போதுதான் பதில் வரும். ஒரே ஒரு தடவை நின்று பேச வேண்டும் என்று எடை ஏங்கியது.

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. இரண்டும் நடுவழியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

“அப்பாடா! உனக்குள்ள ஏறுறவங்க கதையெல்லாம் சொல்லு. எனக்குத்தான் யாருமே இல்லையே,” என்றது எடை.

“உள்ள மேல்மாடி நசீமா கைக்குழந்தையோட தனியா மாட்டிக்கிட்டா. குழந்தை வேர்த்துக் கொட்டி அழுவுது, கேக்கலையா?” என்றது லிஃப்ட்.

எடைக்குக் கேட்டது. அதற்குள் உச்சியில் இருந்த மோட்டார் அறைக்கு மெக்கானிக் வந்து, இரண்டையும் பிடித்து நிறுத்தியிருந்த பிரேக்கில் கைவைத்தார்.

“அவர் பிரேக்க விட்டா, நம்மள்ல யாரு கனமோ அவங்க கீழ போயிடுவாங்க,” என்றது லிஃப்ட் மெதுவாக.

“உனக்குள்ள பாதி ஆள் ஏறினாதான் நீயும் நானும் சமம். இப்ப ஒரு பொம்பள, ஒரு குழந்தை. அப்ப நான்தான் கனம்,” என்றது எடை.

பிரேக் தளர்ந்தது. எடை இறங்க இறங்க, லிஃப்ட் மேல்மாடியை நோக்கி ஏறியது.

“குழந்தை பேரு என்ன?” என்று கீழிருந்து எடை கத்தியது.

மேலே கதவு திறந்தது. அழுகை நின்றது. பதிலுக்காக எடை தொங்கிக்கொண்டிருந்தது.