ஒரே ஜன்னல்

இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் ஒரே ஜன்னல்தான் பிடித்திருந்தது. வீட்டுத் தரகருக்கு வாயெல்லாம் பல்.

"காத்து அள்ளிக்கிட்டுப் போகும் சார். பக்கத்துல சத்தம் சந்தடி கிடையாது. உங்களுக்குள்ள பேசி யாருக்குன்னு முடிவு பண்ணுங்க" என்று சாவியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் மூத்தவன் தன் நீளப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினான். தொழிலில் அவனுக்குக் கம்பி என்று பெயர். இளையவனைத் தோட்டா என்பார்கள். அவன் தன் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, "தரகர் கடைசிப் படியும் இறங்கிட்டாரு. இனிமே பேசலாம்ணே" என்றான்.

இருவரும் வேறு வேறு கும்பலுக்குக் கொலை செய்பவர்கள். ஒருவன் பெயரைக் கேட்டால் மற்றவன் காறித் துப்புவான். இன்றைக்கு இரண்டு கும்பலுக்கும் ஒரே தலைவலி. உள்ளே இருந்துகொண்டே எவனோ போலீஸுக்குச் சாட்சியாக மாறியிருந்தான். யாரென்று தெரியாது. முகத்தை மூடி எதிரிலுள்ள விடுதிக்கு அவனை அழைத்து வரப்போகிறார்கள் என்பது மட்டும் கசிந்திருந்தது. காரிலிருந்து வாசலுக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் அவனை முடிக்க வேண்டும்.

கம்பிக்கு இது வெறும் கூலி வேலை இல்லை. "அவன் கோர்ட்ல வாயைத் திறந்தா முதல் கயிறு உனக்குத்தான்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். லிப்டில் செத்துக் கிடந்த நீதிபதியின் வழக்கு இன்னும் மூடப்படவில்லை. கொன்றவன் இவன்தான் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. ஆதாரம்தான் இல்லை.

"ஜன்னல் எனக்கு" என்றான் கம்பி.

"ஏண்ணே, கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க வருமா உங்களுக்கு?"

"உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே நான் குறி பார்த்தவன்டா. நகரு."

"சரி, கோவிச்சுக்காதீங்க. மூத்தவருக்கே ஜன்னல். நான் பின்னாடி நிக்கிறேன்."

இந்தத் தொழிலில் இன்னொரு கொலைகாரனுக்கு யாரும் முதுகைக் காட்டுவதில்லை. ஆனால் ஜன்னலை வென்ற மிதப்பில் கம்பிக்கு அது உறைக்கவில்லை. மண்டியிட்டு, துப்பாக்கியை விளிம்பில் சாய்த்து, கீழே தெருவைப் பார்த்தான். எதிர்க் கடைக்காரன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"சும்மா நிக்கப் போரடிக்குதுண்ணே" என்றான் தோட்டா.

"பாட்டுப் பாடு."

"பாட்டு எதுக்கு? என் பழைய வேலை ஒண்ணைச் சொல்றேன். அந்த நீதிபதிய முடிச்சது நான்தான்."

கம்பியின் விரல் விசையிலிருந்து விலகியது. "என்னடா உளர்றே?"

"பின்னாலேர்ந்து கயிறு போட்டேன். துள்ளினாரு. முடிஞ்சுது."

"கயிறாம் கயிறு! எவனோ பேப்பர்ல எழுதினதப் படிச்சிட்டு வந்து என்கிட்டயே கதை விடுறியா? அவன் கட்டியிருந்த டைதான்டா. நான் வெறுங்கையோடதான் லிப்டுக்குள்ள போனேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு இந்தக் காது செத்துப்போச்சு" என்று தோட்டா தன் சட்டைப் பொத்தானை மெல்லத் திருகினான்.

"டை! அவனோட டை!" கம்பி குரலை உயர்த்தினான். "நடுவுல லிப்டு நின்னுடுச்சு. கதவு திறந்தா அவன் பொண்ணு நிக்குது, கையில தண்ணி பாட்டிலோட. நீயா இருந்தா அங்கயே கோட்டை விட்டிருப்பே. நான் அவன் தோள்மேல கையைப் போட்டு, நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பாவுக்கு மயக்கம்மா'ன்னேன்."

தோட்டா ஓரடி நெருங்கி வந்தான். பிறகு கேட்டான். "பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"பாட்டிலைத் திறந்து, செத்தவன் வாயில தண்ணி ஊத்துச்சு. அது என் முகத்தைக்கூடப் பார்க்கல, நான் படி வழியா இறங்கிட்டேன். எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் மட்டுந்தான் இது தெரியும். இனிமே நீதிபதி பேரை எடுத்தே, நாக்கை அறுத்துடுவேன்."

"எனக்கென்னமோ நம்பிக்கை வரல. அவ்வளவு பெரிய வேலைய உங்க முதலாளி உங்களுக்கா குடுப்பாரு?"

"தன்னோட சாப்பாட்டு மேஜையில உட்கார வச்சு, தன் வாயாலயே சொன்னாருடா!"

கீழே சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. கம்பி மூச்சை அடக்கினான். ஓட்டுநர் மட்டும் இறங்கினான். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, நிதானமாக நிமிர்ந்து இந்த ஜன்னலையே பார்த்தான். பின் இருக்கையில் யாரும் இல்லை.

கம்பி துப்பாக்கியோடு திரும்புவதற்குள் அறை அதிர்ந்தது. அவன் வலது முழங்கை சிதறி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ரத்தம் தெறித்தது. முகம் சுவரில் மோத, அப்படியே சரிந்தான். சூடான இரும்பு பிடரியில் அழுந்தியது. மாடிப்படியில் பூட்ஸ் கால்கள் தடதடவென்று ஏறி வந்தன.

"பாவி! ஒரு ஜன்னலுக்காகவாடா சுட்டே?" பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான் கம்பி. "அவன் தப்பிச்சா ரெண்டு பேருக்கும் தூக்குடா! எங்கடா அந்தச் சாட்சி?"

"உங்க பின்னாடிதாண்ணே நிக்கிறேன்."