துண்டுக்கு அடியில் ஒரு டைம்லர்

விலை பேச விரித்த துண்டுக்குள் இருவரின் வலது கைகளும் அரை மணி நேரமாக இருந்தன.

மொய்தீன் ராவுத்தர் எட்டு கேட்டார். முதலில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மூன்றைப் பிடித்தார். கருப்புசாமிக் கவுண்டர் ஐந்தும் இரண்டுமாகத் திருப்பிப் பிடித்தார். ஆயிரக் கணக்கு என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. எதிரே நிற்கும் பொருளைப் பார்த்தாலே தெரியும்.

எதிரே நின்றது டைம்லர் கார். பொள்ளாச்சிக்கு மேற்கே சித்தூரில், ராவுத்தரின் மண்டிக்குப் பின்னால், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே, வழி தவறி வந்த பணக்காரச் சம்பந்தி மாதிரி எதன் மேலும் படாமல் நின்றது.

கவுண்டர் கோயமுத்தூரில் மில் வைத்திருப்பவர், பி.ஏ. படித்தவர். ஆனால் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடித்துப் பழகிய கை. மோட்டாருக்கும் அதே துண்டுதான்.

எட்டு வந்தால் கடன் தீர்ந்து மண்டி நிற்கும். ஏழு என்றால் மண்டியையும் சேர்த்து விற்க வேண்டியதுதான்.

"ஏனுங்க ராவுத்தரே, ஐநூறு பெறாத இரும்புக்கு ஐயாயிரம் குடுத்துட்டு வந்தீங்க. உங்க தப்புக்கு நானா வெலை குடுக்கறது?"

அந்தத் தப்பு ஊரறிந்தது. ஐம்பத்து நாலில், ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை செத்துப் பதினைந்தாம் நாள், ராவுத்தர் அந்த பங்களாவுக்குப் போய் துரைசாணி முன்னால் துண்டை விரித்தார். துரைசாணிக்கு விரல் கணக்கு என்ன தெரியும்? ஆறுதல் சொல்ல ஒருவன் கை நீட்டுகிறான் என்று நினைத்து, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராவுத்தர் ஐயாயிரம் என்று எண்ணிக்கொண்டார்.

நான்கு வருஷமாகச் சந்தை இதைச் சொல்லிச் சிரிக்கிறது. ராவுத்தரும் கூடவே சிரிப்பார்.

இதைப் பரப்பியவன் பிச்சைமணி. அங்கே தோட்டத்து லாரியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். குமுளி, கம்பம், பழனி என்று சுற்றி லாரியில் வந்த வண்டியோடு அவனும் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டான். வண்டிக்குள் கரையான் தின்ற மரச்சட்டத்தை மாட்டுவண்டி ஆசாரியை வைத்து வேங்கையில் மாற்றினான். பிஸ்டனைக் கோயமுத்தூரில் வார்த்தான். கோழி அடைகாத்த பின்சீட்டுக்குக் குதிரைச் சேணம் தைப்பவரைத் தேடிப் பிடித்துத் தோல் தைத்தான். இப்போது ரேடியேட்டரின் வரிகளைத் துணியால் துடைத்தபடி, காதைத் துண்டின் பக்கம் வைத்திருந்தான்.

"மொதலாளி, அந்தப் புஸ்தகத்தக் குடுங்க. எந்தெந்தக் கைல இருந்த வண்டின்னு படிச்சாவது கவுண்டரு வெலைய ஏத்தட்டும்."

வலது கை துண்டுக்குள் இருந்ததால் கவுண்டர் இடது கையால் வாங்கினார். பதிவுப் புத்தகத்தோடு பழைய கடிதங்கள் குத்தியிருந்தன. கப்பலில் இறக்கிய ஜமீன்தார், குதிரைப் பந்தயத்தில் இதைத் தோட்ட முதலாளியிடம் தோற்றதாக எழுதிய கடிதம். அந்த முதலாளி இதைத் துரைக்கு விற்ற கடிதம். துரை யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கொட்டகையில் நிறுத்தியதோடு சரி.

கடைசிக் கடிதம் துரைசாணியுடையது. கவுண்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"காசு வாங்காம சும்மா குடுத்ததா எழுதியிருக்குதுங்களே இதுல. தொர செத்துப் பதினாலாம் நாள் தேதி, நீங்க மலையேறினதுக்கு முந்தின நாளு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. கையெழுத்து எங்கேன்னு பார்த்தேன், வண்டிய எம் பேருக்கு மாத்த ஆபீசுல நீட்டினேன். அவங்க முத்திரை குத்திட்டாங்க."

"தொரசாணிக்குத் தமிழ் தெரியுமில்லீங்க?"

பிச்சைமணி துடைப்பதை நிறுத்தினான்.

இருபத்திரண்டு வருஷம் தேயிலை மலையில் இருந்தவளுக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும். அன்றைக்குப் பிச்சைமணி கொட்டகையில் கோழியை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பங்களாவுக்குள் வந்த ராவுத்தரின் கையில், அவர் வருவதாகச் சொல்லியனுப்பியதும் முந்தின நாளே எழுதி வைத்திருந்த அந்தக் கடிதத்தைக் கொடுத்துத் தமிழில்தான் சொன்னாள்: "எடுத்துட்டுப் போ. காசு வேண்டாம்."

ராவுத்தர் அப்போது கூடத்துச் சுவரைப் பார்த்தார். படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளைச் சதுரங்களாக இருந்தன. தரையில் பியானோ நின்ற தடம். கப்பல் டிக்கெட் எடுக்க அந்த வீட்டில் விற்பதற்கு இனி எதுவும் இல்லை.

வேண்டாம் என்று சொன்ன கையில் காசை வைக்க ராவுத்தருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

அவள் பிடித்த விரல்களை அவர் எண்ணினார். "வெலை சொல்லிட்டீங்கம்மா. எங்க வழக்கத்துல இனி மாத்தக்கூடாது" என்றார். பிச்சைமணி வாசலுக்கு வந்து கேட்டது அந்த வார்த்தையைத்தான்.

ஊர் சிரித்தது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஏமாந்தவனிடம் நாளைக்கும் வியாபாரம் பேசுவார்கள். இரங்கினவனிடம் இனாம் கேட்பார்கள்.

கவுண்டர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தைக் காரின் மேல் வைத்து, அந்த ஒரு கடிதத்தை மட்டும் இடது கையாலேயே உருவி, மடித்து, ராவுத்தரின் சட்டைப் பையில் செருகினார்.

துண்டுக்குள் கவுண்டரின் வலது கை அசைந்தது. ஐந்தைப் பிடித்தார். விட்டார். மூன்றைப் பிடித்தார்.

"இதை இனி யாருக்கும் காட்டாதீங்க ராவுத்தரே" என்றார், குரலைத் தாழ்த்தி. "அப்புறம் உங்க மண்டியில ஒரு மூட்டை புண்ணாக்குக்கூட வெலைக்குப் போவாது."