பாதியை விழுங்கிய சென்சார்

கல்யாண மண்டபச் சுவரில் புதிதாக மாட்டிய கரியமில வாயு சென்சாருக்கு, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒரே பதைப்பு. மாட்டியவர் அருகில் நின்று விட்ட மூச்சுக்கே அந்தச் சென்சார்ப் பெண் கூப்பாடு போட, காற்றாடிகளெல்லாம் வீணாகச் சுற்றின.

"ஒரு ஆள் மூச்சுக்கே ஊரைக் கூட்டுறியேம்மா!" என்று காற்றாடிகளை இயக்கும் கன்ட்ரோலர் சிரித்தார்.

முகூர்த்தத்தன்று கூட்டம் நெருக்கியடித்தது. அந்தக் கேலிக்குப் பயந்து அவள் தான் அளந்த கணக்கில் பாதியை விழுங்கிச் சொன்னாள். காற்றாடிகள் அசையவில்லை. மணப்பெண் தலைசுற்றிச் சாய்ந்தாள்.

"அண்ணே, குறைச்சுச் சொல்லிட்டேன். வெளிக்காத்தைத் திறந்துவிடுங்க!"

"மறுபடியுமா?"

"காத்து வந்தும் என் கணக்கு இறங்கலேன்னா அப்புறம் திட்டுங்க."

திறந்தார். கணக்கு மளமளவென இறங்கியது. மணப்பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். சென்சாருக்கு உயிர் வந்தது.

அதுமுதல் மண்டபம் காலியானதும் வெளிக்காற்றைக் கேட்டு வாங்கி, சுத்தக் காற்றின் தெரிந்த அளவோடு தன் கணக்கைச் சரிபார்த்த பிறகே அவள் அடுத்த கூட்டத்துக்கு வாய் திறந்தாள்.