விடுபட்ட பெயர்

"இன்னைக்கே கெளம்பி வர முடியுமா மச்சான்?"

ஹுமைரா கேட்டதும் மறுமுனையில் அவள் கணவன் மீரா உசேன் சிரித்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது அவள் கேட்கிற கேள்விதான்.

"ஆரம்பிச்சிட்டியா? பாஸ்போர்ட்டு கம்பெனி லாக்கர்ல கெடக்கு. நோம்பு முடியுற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லைன்னுட்டான். பெருநாள் கழிச்சு வர்றேன்னு உம்மாகிட்ட சொல்லிட்டேன்ல? உம்மா என்ன பண்றாங்க?"

"படுத்திருக்காங்க."

"சரி, படுக்கட்டும். ராத்திரி பேசுறேன்."

அதிராம்பட்டினத்து வீட்டு மொட்டை மாடியில், கொடியை ஒட்டி நின்றிருந்தாள் ஹுமைரா. காலையில் மாமியார் துவைத்துப் போட்ட வெள்ளைத் துப்பட்டி இன்னும் ஈரமாக இருந்தது. கீழே தெருவில் மினி வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவை மோதிக்கொள்ளும் சத்தம் அவன் இருக்கும் தம்மாம் வரை கேட்டிருக்க வேண்டும்.

"என்ன சத்தம்? நம்ம தெருவுல கல்யாணமா?"

"இல்ல மச்சான். மௌத்து."

சாவு என்றதும் அவன் குரல் மாறியது. வருத்தமும் அவசரமும் கலந்த அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமானது.

"இன்னா லில்லாஹி... எதுத்த வீட்டு மாமியா? ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு கெடந்தாங்களே. இரு, லேப்டாப்பத் தொறக்குறேன்."

"மச்சான், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"நீ சொல்லிக்கிட்டே இரு, நான் அடிச்சிடுறேன். லேட் பண்ணா மத்த ப்ளாக்காரங்க முந்திடுவாங்க."

சவூதிக்குப் போன புதிதில் அவன் தொடங்கிய வலைப்பூ அது. 'உப்பளம்' என்று பெயர். முதலில் ஊரைப் பற்றித்தான் எழுதினான். உப்பளத்து வெயிலைப் பற்றி, உம்மா பொரிக்கும் நெத்திலியைப் பற்றி. படிக்க ஆளில்லை. ஒருநாள் தெருவில் நடந்த ஒரு மரணத்தை அறிவித்தான். கடல் கடந்து கிடக்கும் ஊர்க்காரர்கள் அன்றைக்குத்தான் கூட்டமாக வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வேறெதுவும் எழுதவில்லை.

"ஊரு மௌத்தெல்லாம் போடுறியே வாப்பா, நீ வர்ற தேதிய ஒரு நாளு போடேன்" என்று போன வாரம்கூட உம்மா போனில் கேட்டிருந்தாள்.

விவரம் விசாரித்துச் சொல்வது ஹுமைராவின் வேலை. இறந்தவர் பெண்ணென்றால் யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று வீட்டு ஆண்களின் பெயர்கள்தான் அறிவிப்பில் வரிசையாக வரும். தெருவில் அத்தனை பேருடைய பெயரும் அவள் நாக்கில் இருந்தது, கணவன் பெயரைத் தவிர. வங்கியில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள். "ஊருல உள்ளவன் பேரெல்லாம் சொல்ற, என் பேரச் சொன்னா மட்டும் வாய் சுட்டுருமா?" என்று அவன் கேலி செய்வான். அதற்கும் சிரிப்பாளே தவிர, சொன்னதில்லை.

"அடக்கம் எப்ப?"

"அஸர் தொழுகைக்குப் பொறவு."

"இன்னைக்கேவா? அவங்களுக்கு மலேசியாவுல ஒரு மகன் இருக்காருல்ல?"

ஹுமைரா கொடியில் கிடந்த துப்பட்டியின் மடிப்பை நீவினாள்.

"மகன் வெளிநாட்டுலதான் இருக்காங்க. இன்னைக்கு வர முடியாதாம்."

"என்ன புள்ளையோ! பெத்தவ முகத்தப் பாக்கக்கூட முடியாம அப்படி என்ன வேலை? நானா இருந்தா எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டு ஓடி வந்திருப்பேன்."

அவள் மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் துப்பட்டி விலகி அவள் முகத்தில் பட்டது. அதை அவள் விலக்கவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"யாரு அழுவுறது? மர்யம் கொரல் மாதிரி கேக்குது. என் தங்கச்சி எப்ப வந்தா?"

"இப்பத்தான்."

"அவளுக்கு யாரு மௌத்துன்னாலும் அழுகைதான். சரி, வாசிக்கிறேன், சரியான்னு பாரு. 'நமதூரைச் சேர்ந்த மர்ஹூம்...' மௌத்தாப்போன எதுத்த வீட்டு மாமா பேருதான் எனக்குத் தெரியுமே, போட்டுட்டேன். '...அவர்களின் மனைவியும்,' அதுக்கப்புறம் மகன். அந்த எடத்த மட்டும் காலியா விட்டிருக்கேன். பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

அவள் கீழே பார்த்தாள். வேன் போய்விட்டது. எதிர்வீட்டு மாமியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்து, அடி அடியாகத் தெருவைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமி நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி, மாடியில் நின்ற ஹுமைராவைப் பார்த்து அழுதாள்.

"சீக்கிரம் சொல்லு ஹுமைரா. பேரப் போட்டா வெளியிட்டுடலாம். மௌத்தானவங்களோட மகன் பேரு என்ன?"

ஹுமைரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீரா உசேன்."